டெப்போ நேரம்

— பெட் மூணு, ஃப்ரிட்ஜ். கேக்கறீங்களா, இல்ல கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்கறீங்களா?

— கேக்கறேன் சிஸ்டர், சொல்லு. பேஷண்டுக்கு என்ன தொந்தரவு?

— கதவு சரியா மூடாது. மூடின மாதிரி இருக்கும், மூடியிருக்காது. மேல் மூலைல கையை வச்சு ஒரு தட்டு தட்டணும். முனகற சத்தம் கேட்டா பயப்படாதீங்க, அது ஒன்பது வருஷமா முனகிக்கிட்டுதான் இருக்கு. உள்ள மூணு டப்பா வச்சிருக்கேன், ஒவ்வொண்ணு மேலயும் தேதி எழுதி ஒட்டியிருக்கேன். தேதி தாண்டினா தூக்கிப் போட்டுடணும். மோந்து பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்குன்னு சாப்பிடக் கூடாது.

— ம்.

— 'ம்' இல்ல. 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்லணும்.

— ஏம்மா, பிரசவ வார்டை விட்டு நீ ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. இது ஏர்போர்ட்டு. இங்க யாரும் வலில கத்தல. நான் ஒருத்தன்தான் முதுகு வலிக்குக் கத்தலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— முப்பத்திமூணு வருஷம் இப்படித்தாங்க டூட்டி மாத்தியிருக்கேன். ஒவ்வொரு பெட்டா நின்னு, இவளுக்கு இது, அவளுக்கு அதுன்னு சொல்லணும். அடுத்த ஷிப்டுக்கு வர்றவ 'எடுத்துக்கிட்டேன்'னு வாயால சொல்லணும். அவ சொல்ற வரைக்கும் நம்ம டூட்டி முடியாது, செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாலும் சரி. ரெண்டு வருஷத்துக்கு வீட்டை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். சும்மா 'ம்'முன்னா எப்படி?

— விடியக்காலம் நாலு மணிக்குக் கார்ல ஏறினதும் பெட் ஒண்ணு, கேஸ் அடுப்புன்னு ஆரம்பிச்ச. பிளேன்ல நாலு மணி நேரம் பெட் ரெண்டு, தண்ணி மோட்டார். மோட்டாருக்கே இவ்வளவு நேரம்னா நான் எப்ப ஊர் போய்ச் சேர்றது?

— மோட்டாருக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. மீதி நேரமெல்லாம் நீங்க ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ரெக்கையை வேவு பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

— அது ஆடுச்சு.

— ரெக்கைன்னா ஆடத்தான் செய்யும்னு அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சே.

— அந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் சிரிக்குது. சிரிச்சுக்கிட்டே சொல்ற தகவலை நான் நோட்டுல ஏத்தறதில்ல.

— காலைத் தூக்கி என் பை மேல வைங்க. பாருங்க, சாக்ஸோட வரி அப்படியே பதிஞ்சு கெடக்கு. மத்தியான மாத்திரை போட்டீங்களா?

— சட்டைப் பையில வச்சேன், காணோம்.

— காணாமப் போகல, என் கைப்பையில இருக்கு. இந்தாங்க. தண்ணியைக் கொஞ்சமா குடிங்க.

— என் மாத்திரைக்கு உன் பையில என்ன வேலை?

— இருக்கட்டும். நீங்க கிளம்பறப்ப தர்றேன்.

— இந்த நாற்காலியைப் பண்ணினவன் கையில கிடைச்சா நல்லது. ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவுல இரும்புக் கை. எவனும் அசந்து படுத்துடக் கூடாதாம். எங்க டெப்போல ஒடிஞ்ச பெஞ்சு இதுக்குத் தேவலாம்.

— யாரு உங்களை வரச் சொன்னா? மக அவ்வளவு சொன்னாளே. அம்மா படிச்சவங்க, கேட்டுக் கேட்டுப் போயிடுவாங்க, நீங்க எதுக்குப்பா பாதி வழி போயிட்டு அன்னைக்கே திரும்பறீங்கன்னு.

— அவளுக்கு என்ன தெரியும்? முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா உக்காந்து பார்த்தவன் நான். ஏறுற இடத்துல எவனும் தொலையறதில்ல. இறங்கற இடத்துலயும் தொலையறதில்ல. நடுவுல வண்டி மாத்தற இடத்துலதான் ஆளு தொலையறது. அதான் மாத்தற இடம் வரைக்கும் வந்தேன். உன் வண்டி நிக்கிற வாசல்ல உன்னை உக்கார வச்சாச்சு. அஞ்சு நாப்பதுக்கு என் வண்டி, நான் திரும்பிப் போறேன். எட்டு பத்துக்கு உன் வண்டி, நீ போ. அவ்வளவுதானே.

— எவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க.

— சுலபமா எல்லாம் இல்ல. களைச்சுப் போயிருக்கேன், அதான் சின்னதா சொல்றேன்.

— சரி, வாட்சை மட்டுமாவது மாத்திக்கோங்க. இங்க ரெண்டரை மணி நேரம் கூடன்னு இறங்கும்போதே பைலட் சொன்னாரு.

— எந்த டிரைவர் சொன்ன நேரத்தை நான் நம்பியிருக்கேன்? இது டெப்போ நேரம் காட்டற வாட்ச். டெப்போ கடிகாரம் நின்னு போன அன்னைக்குக் கூட இந்தக் கையைப் பார்த்துத்தான் நூத்திப் பத்து வண்டி எடுத்தாங்க. முள்ளுல கை வைக்க மாட்டேன். வேணுங்கறப்ப மனசுல கூட்டிப்பேன்.

— கூட்டிக்கோங்க. இப்ப என்ன எழுதறீங்க?

— 'கால் வீக்கம். காரணம், நாற்காலி.'

— ரிட்டயர் ஆனப்புறமும் இந்த நோட்டு எதுக்குங்க?

— வண்டி கிளம்பினா நேரம் போடணும், தாமதம்னா காரணம் போடணும். காரணம் போடாத நோட்டு வெத்துத் தாளு. உனக்கு 'எடுத்துக்கிட்டேன்' மாதிரி எனக்கு இது. ஆமா, பாப்பா எங்க?

— உங்க மடிலதான் கெடக்கு. தலையைத் தொங்க விடாதீங்க, பிடிங்க ஒழுங்கா.

— துணி பொம்மைக்குத் தலை தொங்கினா என்ன?

— அதை வச்சுத்தான் அங்க இருக்கிற பொண்ணுங்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லித் தரப் போறேன். கழுத்து எடை சரியா இருக்கணும்னு மணல் அடைச்சு நானே தைச்சது. நீங்க பிடிக்கிறதைப் பார்த்தா ரெண்டு நாள்ல மணலெல்லாம் காலுக்கு வந்துடும்.

— அந்தச் சோதனை போடற ஆபீசர் இதை உன் பையிலேர்ந்து வெளில எடுத்தப்ப அவன் மூஞ்சியைப் பார்த்தியா? தொப்புள் கொடியைப் பிடிச்சு இழுக்கறான் இழுக்கறான், வந்துக்கிட்டே இருக்கு. பின்னால நின்ன கூட்டமெல்லாம் என்னைத்தான் பார்த்துச்சு, என்னமோ நான் பெத்த மாதிரி.

— அவரு பாவம், கடைசில தலையைத் தாங்கித்தான் திருப்பிக் குடுத்தாரு. முதல் தடவை நம்ம பொண்ணை வாங்கினப்ப நீங்க அப்படி வாங்கல.

— சரி சரி. மணி ஒண்ணேகால். அஞ்சு நாப்பதுக்கு இன்னும் நாலரை மணி நேரம் கெடக்கு. நிதானமா சொல்லு, பெட் நாலு என்ன?

— ஏங்க.

— என்ன?

— ஒண்ணுமில்ல. பெட் நாலு, மொட்டை மாடித் தொட்டி.

— அதுக்கென்ன?

— மூடி ஒரு பக்கம் ஒடைஞ்சிருக்கு. கல்லு வச்சிருக்கேன். கல்லை எடுத்தா திரும்ப வைக்கணும்.

— இவ்வளவுதானா? தொட்டிக்கு அரை மணி நேரம் சொல்லுவேன்னு நினைச்சேன். ஏன் குரல் இறங்கிப் போச்சு?

— தாகமா இருக்கு. காலைலேர்ந்து பேசறேன்ல.

— அந்த ஆஸ்பத்திரிக் கடுதாசியை எடு, இன்னொரு தடவை படி. பேசாமப் படிச்சுக்கிட்டாவது இரு.

— மூணு தடவை படிச்சுக் காட்டிட்டேனே.

— பிளேன் சத்தத்துல பாதி விழல.

— பதினோரு பெட் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா. பிரசவம் பார்க்க நாலு பொண்ணுங்க, மூத்தவளுக்கே இருபத்தொண்ணு வயசு. போன வருஷம் பதினாலு தாய் போயிட்டாங்களாம். அதுல பத்து பேரையாவது காப்பாத்தியிருக்கலாம், கை பழகின ஒருத்தி பக்கத்துல நின்னிருந்தான்னு அந்தம்மா எழுதியிருக்காங்க. சம்பளம் தர முடியாது, தங்க இடமும் சாப்பாடும் தர்றோம்னு எழுதியிருக்காங்க. அந்தப் பத்து பேருதாங்க என்னைத் தூங்க விடல. எனக்கு இந்தக் கை இருக்கு, நான் வீட்ல உக்காந்து பயறு பொறுக்கிக்கிட்டு இருந்தேன்.

— மீதி நாலு பேரு?

— வழியிலேயே போயிட்டாங்க. மலைப் பக்கத்துலேர்ந்து தாய்மாரைக் கூட்டிட்டு வர ரெண்டு வேன் இருக்காம். எப்ப கிளம்பும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதாம். டிரைவர் சாப்பிடப் போயிருந்தா உக்காந்து கெடக்க வேண்டியதுதான்.

— ஒரு அட்டவணை கூடவா இல்ல?

— இல்லன்னுதான் எழுதியிருக்காங்க.

— ரெண்டே ரெண்டு வண்டி. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். எதிரும் புதிருமா ஓட விட்டா எந்த நேரமும் ஒண்ணு மலையில இருக்கும். டிரைவர் சாப்பாட்டுக்கு நாப்பது நிமிஷம், அதுவும் வண்டி கீழ நிக்கிறப்ப. இது ஒரு விஷயமா? ஒரு தாளு, ஒரு பென்சில் போதும். இதுக்குப் போய் நாலு உயிரா? ஆளுங்களுக்கு நேரத்தோட அருமையே தெரியறதில்லம்மா, கோவம் கோவமா வருது.

— கோவப்படாதீங்க, பிரஷர் ஏறும். மூச்சை இழுத்து விடுங்க.

— பாப்பாவைப் பிடி. நான் பாத்ரூம் போயிட்டு ரெண்டு டீ வாங்கிட்டு வர்றேன்.

— வழி தெரியுமா?

— வண்டி மாத்தற இடத்துல தொலையறதுக்கு நான் என்ன பயணியா?

— என்னங்க இவ்வளவு நேரம்? எந்திரிச்சுத் தேடி வரலாமான்னு பார்த்தேன்.

— டீக் கடையில வரிசை. குடி, ஆறிடும். எங்க விட்ட?

— பெட் அஞ்சு, பீரோ. அதை நீங்க தொறக்க வேண்டாம்.

— என் சட்டையெல்லாம் அதுல தானே இருக்கு?

— கொடியில ரெண்டு, இஸ்திரிக்காரர் கிட்ட மூணு, போதும். பீரோ பூட்டு இறுகிப் போச்சு, போராடாதீங்க.

— சரிம்மா. காலைல உன் ரெண்டாவது பெட்டியைத் தூக்கி வைக்கறப்ப இடுப்பு கழண்டுடுச்சு. என்ன வச்சிருக்க அதுல?

— கையுறை, பஞ்சு.

— பஞ்சா அந்தக் கனம் கனக்குது?

— நிறையப் பஞ்சு.

— ம். அந்த போர்டைப் பாரு, என் கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது. என் வண்டி போட்டுட்டானா?

— இன்னும் போடல.

— போடலியா. சரி. பெட் ஆறு சொல்லு. நிதானமாவே சொல்லு.

— பெட் ஆறு, சமையக்கட்டுச் சிலேட்டு. அதைக் கழுவித் துடைச்சு ஆணியில மாட்டிட்டேன்.

— துடைச்சிட்டியா? எதுக்கு?

— இனிமே அதுல எழுத ஆளு ஏது? நீங்க எழுதி நீங்களே படிப்பீங்களா?

— இருந்துட்டுப் போகட்டுமே. முப்பது வருஷம் நம்ம வீட்ல பேசினதே அது ஒண்ணுதான்.

— பொண்ணு பொறந்ததும் மாட்டினோம். நான் பகல்னா நீங்க ராத்திரி, நீங்க பகல்னா நான் ராத்திரி. ஒருத்தர் உள்ள வர்றப்ப ஒருத்தர் செருப்பு மாட்டுவோம். 'பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்து ஆறு மணிக்கு'ன்னு நான் எழுதிட்டுப் போவேன்.

— 'குடுத்தாச்சு, 6.00'. கீழ ஒரு டிக்கு.

— ஆறு மணி ஒரு நிமிஷம்னா, 6.01ன்னு போட்டுக் காரணமும் எழுதுவீங்க. 'துப்பிட்டாள்'ன்னு.

— நடந்ததை நடந்த மாதிரிதானே எழுதணும்.

— ரெண்டாவது வயித்துல தங்கலங்கறதையும் அதுலதான் எழுதிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா?

— அதை ஏம்மா இப்ப எடுக்கற?

— சாக்பீஸ் உடைஞ்சு போச்சு எழுதறப்ப. நீங்க அன்னைக்கு டிக் போடல. டூட்டியை விட்டுட்டு வந்து எங்க வார்டு வாசல்ல நின்னீங்க. ராத்திரி வரைக்கும் அந்தத் தூணுக்குப் பக்கத்துலயே நின்னீங்க. இன்னைக்குக் காலைல நீங்களும் பையைத் தூக்கிட்டு என்கூட பிளேன்ல ஏறினப்ப எனக்கு அந்தத் தூணுதான் ஞாபகம் வந்துச்சு.

— அன்னைக்கு என் வாழ்க்கைல முதல் தடவையா நோட்டுல எதுவும் எழுதல.

— டீயைக் குடிங்க.

— நீ மட்டும் என்ன. கையிலேயே வச்சிருக்க.

— ஒண்ணு கேக்கட்டுமாங்க? கோவிச்சுக்கக் கூடாது. இந்த எட்டு மாசம் ரெண்டு பேரும் வீட்ல இருந்தோமே, ஒரே நேரத்துல படுத்து, ஒரே நேரத்துல எந்திரிச்சு. எத்தனை வார்த்தை பேசியிருப்போம்?

— நீதான் பேசல.

— நீங்களும்தான் பேசல. நீங்க பேப்பர், நான் அடுப்பு. நீங்க மாடி, நான் கொல்லை. ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு யோசிப்பேன், இந்த மனுஷன்கிட்ட என்ன சொல்றதுன்னு. சிலேட்டு இருந்தப்ப சொல்றதுக்கு அவ்வளவு இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே ஷிப்டுன்னா யாரு யாருக்கு ஒப்படைக்கறது? எனக்கு அது பெரிய பயமா போச்சுங்க. வேலையில இருந்தப்ப கூட நான் இவ்வளவு தனியா இல்ல.

— அதனாலதான் எழுதிப் போட்டியா?

— பாதி அந்தப் பத்து பேருக்காக. பாதி இதுக்காக.

— எனக்குச் சொல்லாம.

— சொன்னேனே. சிலேட்டுல.

— சிலேட்டுல. 'ரெண்டு வருஷம் வெளிநாடு போறேன். கையெழுத்துப் போட்டாச்சு. பால் அடுப்பில.' நான் பக்கத்து ரூம்லதான்மா இருந்தேன். கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்.

— நீங்க என்ன செஞ்சீங்க? கீழ டிக் போட்டுட்டுப் பாலை இறக்கி வச்சுட்டுப் போனீங்க. நேரம் வேற. 7.20.

— பின்ன? முப்பது வருஷம் அதுல எழுதினதுக்கு ஏன்னு கேட்டிருக்கேனா? எழுதிட்டா அது முடிஞ்சு போன விஷயம், அப்படித்தான் பழக்கம். அதுக்கப்புறம் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல. நீ கவனிக்கல.

— கவனிச்சேன். வாயுத் தொல்லைன்னு நினைச்சு சுக்கு வாங்கி வச்சேன்.

— அந்தச் சுக்கும் இறங்கல.

— ரெண்டு பேருக்கும் இடம் உண்டுன்னு அவங்க எழுதினப்ப உங்களைக் கேட்டேனா இல்லையா?

— எப்படிக் கேட்ட? 'பாதி வழி வரைக்கும் நம்ம செலவு, அங்கிருந்து அவங்க செலவு. உங்க பேருக்கும் டிக்கெட்டு வந்திருக்கு, என்ன செய்யட்டும்'னு கேட்ட. விலாசம் தப்பி வந்த பார்சலைக் கேக்கற மாதிரி. வாங்கன்னு ஒரு சொல்லு வந்துச்சா உன் வாயிலேர்ந்து? திருப்பி அனுப்புன்னு சொன்னேன். அனுப்பிட்டியா?

— ம்.

— 'ம்' இல்ல. 'அனுப்பிட்டேன்'னு சொல்லணும்.

— டீ ஆறிப் போச்சுங்க. கீழ வச்சுடறேன்.

— வை.

— நீங்களும்தான் காலைலேர்ந்து ஒரு பெட்டுக்குக் கூட 'எடுத்துக்கிட்டேன்'னு சொல்லல. ஏன்?

— சொன்னா உன் டூட்டி முடிஞ்சுடும். முடிஞ்சா நீ எந்திரிச்சுப் போயிடுவ. அதான் சொல்லல. இதுக்கு மேல கேக்காத.

— இந்தாங்க, முந்தானைல கண்ணைத் தொடைச்சுக்கோங்க. யாரும் பார்க்கல.

— மைக்குல என்னமோ கத்தறானே, என்ன சொல்றான்?

— யாரோ ஒருத்தர் இன்னும் ஏறலையாம். பேர் சொல்லிக் கூப்பிடறாங்க.

— யாரு பேரு?

— விளங்கலங்க. அவங்க வாயில எல்லாப் பேரும் ஒரே மாதிரிதான் இருக்கு.

— பாவம். எங்கயாவது தூங்கிப் போயிருப்பான்.

— இருக்கும்.

— மறுபடியும் கூப்பிடறான் பாரு. ரெண்டாவது தடவை. எங்க ஸ்டாண்டுல மூணு தடவை விசில் அடிப்போம், அதுக்கு மேல நிக்காது.

— பெட் ஏழு சொல்லட்டுமா? பெட் ஏழு, பக்கத்து வீட்டுச் செடி. அவங்க ஊருக்குப் போனா நம்மதான் தண்ணி ஊத்தணும். பெட் எட்டு, வாசல் பல்பு. பெட் ஒன்பது, பால்காரர், அவருக்கு முன்னாடி நாளே சொல்லணும், காலைல சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாரு.

— ஏன் ஓடற? மெதுவா சொல்லு.

— சொல்லிட்டேன். முடிஞ்சுது. அவ்வளவுதான்.

— ஒரு பெட்டை விட்டுட்ட சிஸ்டர்.

— இல்லையே. ஒன்பதுதான்.

— பெட் பத்து. ஆம்பளை, வயசு அறுபத்தொண்ணு. பிரஷர் மாத்திரை ரெண்டு வேளை. முதுகு வலி. மோந்து பார்த்துச் சாப்பிடற ஆளு. சாயங்காலமானா வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கும், ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இதை யார்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போற?

— என்னங்க, ஒரு நிமிஷம் பேசாம இருங்க. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதும் சத்தம் போடுங்க, பரவாயில்ல.

— சொல்லு.

— இப்ப உங்க வாட்ச்ல மணி என்ன?

— மூன்றரை. என் வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடக்கு.

— இங்க ஆறு மணிங்க. நீங்க கூட்டிக்க மறந்துட்டீங்க. மத்தியானம் நாலரை மணி நேரம் இருக்குன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும் எனக்கு. சொல்ல வாயைத் தொறந்தேன், மூடிக்கிட்டேன். உங்க வண்டி போர்டுல வந்துச்சு, இல்லன்னு பொய் சொன்னேன். மைக்குல கூப்பிட்டது உங்க பேருதான். ரெண்டு தடவையும் உங்க பேருதான். அது போயிடுச்சுங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு வண்டியைத் தவற விடாத மனுஷன், நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டே தவற விட வச்சுட்டேன்.

— ம்.

— அந்த டிக்கெட்டை நான் திருப்பி அனுப்பல. விசாத் தாளும் சேர்ந்து என் பையிலதான் இருக்கு. ரெண்டாவது பெட்டில பஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல, உங்க சட்டை, உங்க வேட்டி, உங்க ஸ்வெட்டர். வீட்டுச் சாவியை மகக்கிட்ட குடுத்தாச்சு. இந்த ஒன்பது பெட்டையும் போன வாரமே அவகிட்ட ஒப்படைச்சுட்டேன், அவளும் எடுத்துக்கிட்டா. வழியெல்லாம் உங்ககிட்ட கேட்டுடணும்னுதான் இருந்தேன். வாய் வரல. நமக்குப் பேசிப் பழக்கமில்லையே, அதான் ஃப்ரிட்ஜு, மோட்டார்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அப்புறம் பார்த்தா எட்டு மாசத்துல பேசாததை இன்னைக்கு ஒரு நாள்ல பேசிட்டோம். உங்களை அனுப்ப எனக்கு மனசு வரலங்க. வாங்க. இதைத்தான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும். என்கூட வாங்க. திட்டவாவது செய்ங்க.

— பாப்பாவை இப்படிக் குடு. நீ இந்த நோட்டைப் பிடி.

— எதுக்கு?

— கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இன்னைக்குப் பக்கத்தைப் படி. அடியிலேர்ந்து அஞ்சாவது வரி.

— '4.45. கழிவறை. வாசலில் பெரிய கடிகாரம். என் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் கூடுதல்.' என்னங்க இது?

— படி.

— '4.55. டீ இரண்டு.' '5.05. போர்டில் வண்டி இன்னும் வரவில்லை என்கிறாள். வந்திருக்கிறது.' உங்களுக்குத்தான் எழுத்து எறும்பா ஓடுதுன்னீங்களே.

— டீ வாங்கப் போறப்ப போர்டுக்கு அடியிலேயே போய் நின்னு பார்த்துட்டு வந்தேன். மேல படி.

— '5.25. என் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் பெட் ஏழு சொல்கிறாள்.'

— இன்னும் ஒரு வரி இருக்கு.

— '5.40. ஊர் வண்டி புறப்பட்டது. சரியான நேரம். பயணி ஒருவர் ஏறவில்லை. காரணம், ஒப்படைப்பு முடியவில்லை.'